ஃபோர்சித்தோடு விட்ட குறை தொட்ட குறை

பிரிட்டிஷ் த்ரில்லர் எழுத்தாளர் ஃபிரெடரிக் ஃபோர்சித்தை நான் விட்டது 'தி கோப்ரா'வில். 2010இல் வந்த நாவல். கொக்கெய்ன் வியாபாரத்தை அடியோடு ஒழித்துக்கட்டும்படி அமெரிக்க அதிபர் ஒரு பழைய சி.ஐ.ஏ. ஆளிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். அவர் பெயர் பால் டெவரோ. டெவரோ கேட்ட பணம் வருகிறது, கேட்ட அதிகாரம் வருகிறது, கேட்ட கப்பல் வருகிறது. தானியம் ஏற்றும் கப்பல்களை வெளியே தெரியாமல் போர்க்கப்பல்களாக மாற்றுகிறார்கள். பழைய பக்கனீர் போர்விமானம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அட்லாண்டிக் மேல் பறக்கும் கடத்தல் விமானங்களை ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். யாராவது ஒருத்தர் எங்கேயாவது கோட்டைவிட வேண்டுமே? ம்ஹூம். எதிர் அணி வராத மைதானத்தில் நடக்கும் மேட்ச் மாதிரி இருந்தது. பாதி தாண்டியதும் மூடி வைத்தேன். அப்புறம் பல வருஷம் அந்தப் பெயர் போட்ட எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

இத்தனைக்கும் நான் அவருடைய பரம ரசிகை. வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் ஊராகப் போய்க் கிளைகளின் கணக்கைத் தோண்டும் உத்தியோகம். பகலெல்லாம் வவுச்சர், ராத்திரி லாட்ஜில் ஒரு புத்தகம். மாத நாவல்களில் ஆரம்பித்து, திருச்சியில் எங்கள் பக்கத்து லெண்டிங் லைப்ரரிக்காரர் தயவில் ஆங்கில த்ரில்லர்களுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே இருந்தவர்களில் ஃபோர்சித்தை மட்டும் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்றால், மற்றவர்கள் எல்லாம் 'எப்படியோ ஒரு பாஸ்போர்ட்டை ஏற்பாடு செய்துகொண்டான்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். இவர் தாண்ட மாட்டார். எந்த அலுவலகம், எந்தப் படிவம், யார் கையெழுத்து, எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார். ஆடிட் பார்க்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

சலிப்பு 'கோப்ரா'வில் திடீரென்று வந்ததும் இல்லை. 1999இல் 'தி ஃபேண்டம் ஆஃப் மன்ஹாட்டன்' என்று ஒரு காதல் கதை எழுதினார். பாரிஸ் ஓபராவில் முகமூடி போட்டுத் திரிந்தவன் நியூயார்க்குக்குப் போனால் என்ன ஆகும் என்று. சரி, கூடாத சகவாசம், போகட்டும் என்று விட்டுவிட்டேன். 2006இல் 'தி அஃப்கான்'. 'தி ஃபிஸ்ட் ஆஃப் காட்' நாவலில் சதாம் காலத்து பாக்தாத்தில் தோட்டக்காரன் வேஷத்தில் உளவு பார்த்தாரே மைக் மார்ட்டின், அவரையே திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். மார்ட்டினுடைய பாட்டி ஒரு இந்தியப் பெண், டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத்துத் துரையைக் கட்டிக்கொண்டவள். அதனால் அவருக்குக் கொஞ்சம் கறுத்த நிறம், அரபி மாதிரி நடமாட முடிகிறது. முதல் நாவலில் அந்த ஏற்பாடு அழகாக வேலை செய்தது. 'அஃப்கா'னில் அதே மனிதரை குவாண்டனாமோ கைதியான ஒரு தாலிபான் தளபதியாக நடிக்க வைக்கிறார்கள். அதற்கான தயாரிப்பு பக்கம் பக்கமாகப் போகிறது, ஆனால் அவர் மாட்டிக்கொள்வாரோ என்று எனக்கு ஒரு இடத்திலும் வயிற்றைக் கலக்கவில்லை. செயற்கைக்கோள், ஆளில்லா விமானம், பெயர் சுருக்கங்கள் கொண்ட பத்துப் பதினைந்து அமைப்புகள். அரசாங்கத்தின் கை ஓங்க ஓங்க, கதையில் மனுஷன் சின்னதாகிக்கொண்டே போனான்.

2025 ஜூன் 9ஆம் தேதி ஃபோர்சித் இறந்துபோனார். 86 வயது. பேப்பரில் வந்த அஞ்சலிக் குறிப்புகளில் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவல் மட்டுமே பெரிதாக இருந்தது. அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து வந்த தங்கை மகன் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தான். "பெரியம்மா, நீங்க ஒரு காலத்துல இவர் பைத்தியமாச்சே. இது நாவல் இல்ல, அவரோட சொந்தக் கதை. பயப்படாம படிங்க." அது 2015இல் வந்த 'தி அவுட்சைடர்'. நான் திரும்பி வந்தது அந்த வாசல் வழியாகத்தான். விட்டவர்கள் யாராவது திரும்ப நினைத்தால் அதே வாசலைத்தான் சொல்வேன்.

சுயசரிதை என்றதும் பிறந்தது வளர்ந்தது என்று ஒழுங்காகப் போகும் என்று நினைக்க வேண்டாம். சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் அடித்துவிடுகிற கதை மாதிரியே இருக்கும். கெண்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் 1938இல் பிறந்தவர். அப்பா பிள்ளையை பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடும்பங்களோடு தங்கவைத்து மொழி கற்கச் செய்கிறார். பையன் அந்தந்த ஊர்க்காரன் மாதிரியே பேசக் கற்றுக்கொள்கிறான். 19 வயதில் விமானப்படையில் ஜெட் ஓட்டுகிறான். அதை விட்டுவிட்டு ஒரு மாவட்டப் பத்திரிகையில் நிருபர், அங்கிருந்து ராய்ட்டர்ஸ், 1962இல் பாரிஸ். அங்கே அவர் வேலை என்ன தெரியுமா? பிரெஞ்சு அதிபர் டி கால் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவது. அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்த ஆத்திரத்தில் ஓ.ஏ.எஸ். என்ற ரகசியப் படை டி காலைக் கொல்லத் துடித்த காலம் அது. எப்போது சுடுவார்களோ, சுட்டால் முதலில் செய்தி கொடுப்பது யார் என்று நிருபர்கள் காத்துக் கிடந்திருக்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி கிளமாரில் காரைச் சல்லடையாகச் சுட்டும் டி கால் பிழைத்துக்கொண்டார்.

அடுத்து கிழக்கு பெர்லின். 1964இல் ஒரு நள்ளிரவில் அறைக்குத் திரும்பும்போது தெருவை அடைத்துக்கொண்டு சோவியத் டாங்கிகள் மேற்கைப் பார்த்துப் போகின்றன. ஆள் பதறிப்போய்ச் செய்தி அனுப்பிவிட்டார். பல தலைநகரங்களில் மந்திரிகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் மே தின அணிவகுப்புக்கு ஒத்திகை! மூன்றாம் உலகப்போரைத் தொடங்கிவைக்கப் பார்த்தேன் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். இந்தத் தொனிதான் புத்தகம் முழுக்க. தற்பெருமை இருக்கிறது, ஆனால் கூடவே தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிற சாமர்த்தியமும் இருக்கிறது.

சிரிப்பு நிற்கும் இடம் ஒன்றே ஒன்று: நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனி நாடாக அறிவித்துக்கொண்ட பயாஃப்ரா. 1967 ஜூலையில் பி.பி.சி. அவரை நைஜீரியாவின் கிழக்குப் பகுதிக்கு அனுப்புகிறது. கலகம் சில நாளில் அடங்கிவிடும், போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் லண்டனில் சொன்னதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பார்த்ததைச் சொன்னார், மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, திரும்ப அனுப்ப மறுத்தார்கள். வேலையை உதறிவிட்டுச் சொந்தச் செலவில் அங்கேயே போய்விட்டார். 1968இல் பட்டினி. வயிறு உப்பி, தலைமுடி செம்பட்டையாகிப்போன குழந்தைகள். ஒரு நெடுஞ்சாலைத் துண்டையே ஓடுபாதையாக மாற்றி, ஊலி என்ற இடத்தில் ராத்திரி இருட்டில் உணவு விமானங்கள் இறங்கியிருக்கின்றன. இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் அரசாங்கம் நைஜீரிய ராணுவத்துக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே இருந்தது. இந்தப் பகுதியை எழுதும்போது அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். கோபம் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். தொடர்ந்து பத்திரிகையில் வலதுசாரிப் பத்தி எழுதி, ஐரோப்பிய யூனியனைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் இவர். அரசியலில் எனக்கும் அவருக்கும் பொருந்தவே பொருந்தாது. ஆனால் தன் நாட்டு அரசாங்கத்தைப் பற்றி இப்படிச் சுடுகிற பக்கங்களை அவர் நாவல் எதிலும் நான் படித்ததில்லை.

பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.6க்கு இருபது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்காமல் உதவினேன் என்று இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக ஒப்புக்கொண்டார். பத்திரிகைகள் அதையே தலைப்பாகப் போட்டன. எனக்கு அந்தப் பகுதி அவ்வளவு ருசிக்கவில்லை. கிழக்கு ஜெர்மனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு போய் டிரெஸ்டனில் ஒரு பொட்டலம் வாங்கி வந்த அத்தியாயம் மட்டும் நாவல் மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் பட்டும் படாமலும்தான். குடும்பத்தைப் பற்றியும் வாயே திறப்பதில்லை. பெண்கள் வருவார்கள், சிரிப்பார்கள், போவார்கள்.

ஹம்பர்க் கதை வேறு. 'தி டாக்ஸ் ஆஃப் வார்' நாவலுக்காக, கள்ள ஆயுதச் சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள தென்னாப்பிரிக்காக்காரன் போல நடித்து ஆயுத வியாபாரிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். எல்லாம் நன்றாகத்தான் போகிறது. அதே ஊரில் ஒரு புத்தகக் கடையில் 'ஜாக்க'லின் ஜெர்மன் பதிப்பு கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைத்திருக்கிறது, பின் அட்டையில் ஆசிரியர் படத்தோடு. வியாபாரி அந்த வழியாகப் போகிறான். ஹோட்டல் அறைக்கு ஒரு போன் வருகிறது: உடனே ஓடு. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, புறப்பட்டுவிட்ட ரயிலின் ஜன்னல் வழியாக உள்ளே விழுகிறார். நாவல் எழுத ஒருவர் பட்ட பாடு! கடைசிக் காலம் வரை அந்தப் புத்தி போகவில்லை. 'கோப்ரா'வுக்காக 2009இல் கினி பிசாவ் போனவர், அந்த நாட்டு அதிபரைக் கொன்ற அதே நாட்களில் அங்கே சிக்கியிருக்கிறார். அப்படிப்பட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு எப்படி ஐயா அவ்வளவு சப்பென்று ஒரு நாவல் எழுதினீர்கள் என்று புத்தகத்தைப் பார்த்தே கேட்டேன்.

இன்னொரு விஷயம், வங்கிக்காரி என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ரசீது கேட்கிற இந்த மனிதர், 1990 வாக்கில் தன் சேமிப்பை ஒரு நிதி ஆலோசகரிடம் கொடுத்துவிட்டு மொத்தத்தையும் இழந்திருக்கிறார். கதைக்குச் செய்த விசாரணையில் கால்வாசியைத் தன் சொந்தப் பணத்துக்குச் செய்யவில்லை! அதற்கப்புறம் திரும்ப உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று. 'ஃபிஸ்ட் ஆஃப் காட்' எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

'அவுட்சைடர்' முடிந்த கையோடு 'ஜாக்க'லை எடுத்தேன். பயாஃப்ராவிலிருந்து வேலையும் இல்லாமல் காசும் இல்லாமல் திரும்பியவர், 1970 ஜனவரியில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஒண்டிக்கொண்டு, பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டரில் 35 நாளில் அடித்த நாவல் இது; டி காலைக் கொல்லக் கிளம்பும் ஒரு கூலிக் கொலைகாரனின் கதை. முதலில் போன பதிப்பகங்கள் எல்லாம் திருப்பி அனுப்பின. டி கால் உயிரோடு இருக்கிறார், அவரைக் கொல்ல முடியவில்லை என்று ஊருக்கே தெரியும், இதில் என்னய்யா சஸ்பென்ஸ் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். 1971இல் புத்தகம் வந்தபோது டி கால் காலமாகியிருந்தார், அதுவும் வீட்டில், இயற்கையாக.

பின்னே ஏன் விடிய விடியப் படிக்கிறோம்? அந்தக் கல்லறைக் காட்சியைப் பாருங்கள். ஓ.ஏ.எஸ். ஆட்கள் அத்தனை பேரும் போலீஸ் கோப்பில் இருக்கிறார்கள், அதனால் எந்தக் கோப்பிலும் இல்லாத ஒரு வெளிநாட்டு ஆளை ஐந்து லட்சம் டாலருக்குப் பேசுகிறார்கள். அவன் முதல் வேலையாகத் துப்பாக்கி வாங்கப் போகவில்லை. இங்கிலாந்தின் கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் நடக்கிறான். தன் வயதை ஒத்த, சின்ன வயதிலேயே செத்துப்போன ஒரு ஆண் குழந்தையைத் தேடுகிறான். அலெக்சாண்டர் டுக்கன் என்று ஒரு பிள்ளை கிடைக்கிறது, இரண்டரை வயதில் விபத்தில் போனது. லண்டன் பதிவகத்தில் அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்குகிறான். அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு மனுப்போடுகிறான். சான்றளிக்க ஒரு பாதிரியார் வேண்டுமே, அந்தக் கையெழுத்தையும் தானே போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான், அசல் அரசாங்க பாஸ்போர்ட், பொய்யான ஆள். பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை என்ற ஒரே ஓட்டை.

இதைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. இறந்தவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளை எத்தனை கிளைகளில் பார்த்திருக்கிறேன்! ஒரு இடத்தில் வாரிசு வந்து தகவல் சொன்ன காகிதம் ஒரு கோப்பில் தூங்கும், கணக்கு வேறொரு லெட்ஜரில் ஜாம் ஜாம் என்று நடக்கும். இங்கிலாந்திலும் அந்த ஓட்டை நாவலோடு நிற்கவில்லை. 1974இல் ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற எம்.பி., மயாமி கடற்கரையில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு மூழ்கிப்போனதுபோல் நாடகமாடினார். தன் தொகுதியில் செத்துப்போன ஒருவரின் பெயரில் பாஸ்போர்ட் வாங்கி வைத்திருந்தார், ஆஸ்திரேலியாவில் பிடித்தார்கள். லண்டன் போலீசே தங்கள் ரகசிய உளவாளிகளுக்கு இறந்த குழந்தைகளின் பெயரைக் கொடுத்திருந்தது 2013 வாக்கில் பெரிய சர்ச்சையானது. போலீஸ்காரர்கள் அதற்கு வைத்திருந்த செல்லப் பெயர் 'ஜாக்கல் ரன்'.

நாவலின் இன்னொரு பாதியில் அந்த ஓட்டையை அடைக்கிற வேலை நடக்கிறது. சமீபத்தில் பாஸ்போர்ட்டுக்கு வந்த மனுக்களை எல்லாம் எடுத்து, இறப்புப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்கிறார் லண்டனில் ஒரு போலீஸ் அதிகாரி. எங்கள் பாஷையில் ரிகன்சிலியேஷன். டுக்கன் பெயர் வெளியே வருகிறது. துப்பாக்கிச் சூடு இல்லை, கார் துரத்தல் இல்லை, குமாஸ்தாக்கள் ராத்திரி உட்கார்ந்து சீட்டுப் புரட்டுகிறார்கள், எனக்குக் கை வேர்த்துவிட்டது. பாரிஸில் கொலைகாரனைத் தேடும் கமிஷனர் லெபெல், வீட்டில் மனைவிக்குப் பயந்த குள்ள மனிதர், விசாரணைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பெரிய மனிதர்களில் ஒருவரிடமிருந்து ரகசியம் கசிவதை ஒட்டுக்கேட்ட டேப்பைப் போட்டு நிரூபிக்கிறார். இவர் போனைத்தான் ஒட்டுக்கேட்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். தெரியாது, அதனால் எல்லார் போனையும் ஒட்டுக்கேட்டேன் என்கிறார். முன்னே படித்தபோது சிரித்த இடம். இந்த முறையும் சிரித்தேன்.

அப்போதுதான் 'கோப்ரா' ஏன் கசந்தது என்று பிடிபட்டது. 'ஜாக்க'லில் கொலைகாரனிடம் ஒன்றும் இல்லை. ஊன்றுகோல் குழாய்க்குள் அடங்குகிற மாதிரி ஒரு துப்பாக்கியைப் பிரஸ்ஸல்ஸில் செய்து வாங்குகிறான், ஒரு முலாம்பழத்தை வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டு ஆர்டென் காட்டில் சுட்டுப் பழகுகிறான். லெபெலிடமும் ஒன்றும் இல்லை; ஒரு உதவியாளன், ஒரு டெலிபோன், காப்பி. இரண்டு பக்கமும் கையில் காசில்லாத ஆட்கள், கால் தேய நடக்கிறார்கள். எழுதியவரும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார். பிற்காலத்தில் ஃபோர்சித் அமைச்சர்களோடும் உளவுத் தலைவர்களோடும் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதினார். நாவல்கள் அந்த மேஜையிலிருந்தே பேச ஆரம்பித்தன.

'தி ஒடெசா ஃபைல்' (1972) பற்றிச் சுருக்கமாக. கென்னடி சுடப்பட்ட ராத்திரி, ஹம்பர்கில் ஒரு பத்திரிகைக்காரன் ஆம்புலன்ஸ் பின்னாலேயே போகிறான். தற்கொலை செய்துகொண்ட ஒரு யூதக் கிழவரின் டயரி கிடைக்கிறது. டயரிப் பகுதி மட்டுமே போதும். அதில் வருகிற ரீகா வதைமுகாம் அதிகாரி ரோஷ்மன் நிஜமான ஆள். புத்தகமும் 1974இல் வந்த படமும் அவன் பெயரை ஊரெல்லாம் பரப்பின. அர்ஜெண்டினாவில் பதுங்கியிருந்தவன் பராகுவேக்கு ஓடி 1977இல் அங்கே செத்தான்.

'ஃபிஸ்ட் ஆஃப் காட்' பெரிய தலையணை; நடுவில் ராணுவ விவரம் கண்ணைக் கட்டும், தாராளமாகத் தாண்டலாம். ஆனால் வியன்னா வங்கிக் கிளைக்கதையைத் தாண்டிவிடாதீர்கள். ஈடித் ஹார்டன்பெர்க் என்று ஒரு செக்ரட்டரி. கறாரான, தனியாக வாழ்கிற, முதலாளியின் ரகசியங்களை உயிராகக் காக்கிற பெண். ஒரு ரகசியக் கணக்கின் விவரத்தை எடுக்க இஸ்ரேலிய உளவுத்துறையான மொசாத் ஒரு அழகான பையனை அவளிடம் அனுப்புகிறது. அவள் முதன்முதலாகக் கூந்தலை அவிழ்த்து விடுகிறாள். ஃபோர்சித் எழுதிய பெண்களில் எனக்கு உயிரோடு தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அவளுக்கு நேர்வதைச் சொல்ல மாட்டேன். வங்கியில் வேலை பார்த்த தோழிகள் இரண்டு பேருக்கு இந்தப் பகுதியை மட்டும் படிக்கக் கொடுத்தேன், இருவருமே என்னைத் திட்டினார்கள்.

பெரிய நாவலுக்கு நேரமில்லை என்றால் 'நோ கம்பேக்ஸ்' (1982) சிறுகதைத் தொகுப்பு. அதில் 'தேர் ஆர் நோ ஸ்னேக்ஸ் இன் அயர்லாந்து' என்ற கதை நமக்காகவே எழுதியது போல இருக்கும். வட அயர்லாந்தில் மருத்துவம் படிக்கும் ராம் லால் என்ற பஞ்சாபிப் பையன், லீவில் கைச்செலவுக்காகக் கட்டடம் இடிக்கிற கூலி வேலைக்குப் போகிறான். மேஸ்திரி அவனை நிறத்தைச் சொல்லி அவமானப்படுத்துகிறான், அடிக்கிறான். பையன் ஊருக்கு வந்து, திரும்பும்போது ஒரு சுருட்டை விரியனைக் கூடவே கொண்டுபோகிறான். வயல்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னது, கண்ணில் படாது, கடித்தால் அவ்வளவுதான். மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது வாங்கிய கதை. வெள்ளைக்காரர் எழுதிய இந்தியப் பையன் என்ற நெருடல் எனக்குக் கொஞ்சம் இருந்தது, ராம் லால் சாமி கும்பிட்டு அறிகுறி பார்க்கிற இடமெல்லாம் டூரிஸ்ட் பார்வை. ஆனால் அவமானம் பொய்யில்லை. கடைசி வரி, அடேயப்பா.

திரும்பி வந்த உற்சாகத்தில் அவர் 2018இல் எழுதிய 'தி ஃபாக்ஸ்' நாவலையும் கிண்டிலில் வாங்கிவிட்டேன். லூக் ஜென்னிங்ஸ் என்ற 18 வயது பிரிட்டிஷ் பையன் தன் படுக்கையறையிலிருந்தே அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் கணினிக்குள் நுழைகிறான். தண்டிப்பதற்குப் பதிலாக, ஏட்ரியன் வெஸ்டன் என்ற பழைய உளவு அதிகாரி அவனைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு ரஷ்யா, ஈரான், வட கொரியா என்று வரிசையாக எதிரிகளின் கணினிகளைக் கவிழ்க்கிறார். பையன் உள்ளே எப்படி நுழைகிறான்? அதற்கு விளக்கமே கிடையாது. அபூர்வ மூளை, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் நகலுக்கு எங்கே போக வேண்டும் என்று சொன்ன அதே மனிதர்! எனக்கு மற்ற எல்லாக் குறையையும்விட இதுதான் பொறுக்கவில்லை. எண்பதை எட்டிக்கொண்டிருந்தவர் எழுதியது என்று ஒரு சலுகை தரலாம், காசு தர வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் பழைய 'ஒடெசா ஃபைல்' உதிர்ந்துபோனதால் ஆன்லைனில் மலிவாக ஒன்று வரவழைத்தேன். வந்தது திருட்டுப் பதிப்பு. ஜெராக்ஸ் எடுத்தது போல மங்கல் எழுத்து, நடுவில் பதினாறு பக்கம் இரண்டு தரம், அடுத்த பதினாறு பக்கம் காணோம். திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பத்து நாள் இழுத்தடித்தார்கள். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய புத்தகக் கடைகளில் ஃபோர்சித்தின் அசல் கோர்கி பதிப்பக பேப்பர்பேக்குகள் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு இன்னும் கிடைக்கின்றன. எழுத்து பொடிதாக இருக்கும், காகிதம் பழுத்திருக்கும், பக்கம் மட்டும் விட்டுப்போயிருக்காது. 'அவுட்சைடர்' மட்டும் புதிதாகவே வாங்கலாம். என் பிரதி இப்போது தங்கை மகனிடம் திரும்பிப் போய்விட்டது, அதனால் எனக்கென்று ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். 'கோப்ரா'வின் மீதியைப் படிப்பதாக இல்லை.